பழைய கால்சட்டையில் திரித்த திரி

பணிவு என்றால் தலையைக் குனிந்து முகத்தை உம்மென்று வைத்துக்கொள்வது என்றே ரொம்ப காலம் நினைத்திருந்தேன். இரவில் மிஷ்னாவை, அதாவது யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பை, கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் அந்த எண்ணம் ஆட்டம் கண்டது.

அதில் சுக்கா என்ற பகுதி, ஐந்தாம் அதிகாரம். யூதர்களின் கூடாரப் பண்டிகை இரவுகளில் எருசலேம் ஆலயத்தில் நடந்த விழாவைச் சொல்கிறது. பொன் விளக்குத்தண்டுகள், ஒவ்வொன்றின் உச்சியிலும் நான்கு பொன் கிண்ணங்கள், ஏறிப்போக நான்கு ஏணிகள். ஆலயத்தில் பூசை செய்யும் ஆசாரியர்களில் இளையவர்கள் குடத்தோடு ஏறி எண்ணெய் ஊற்றுவார்கள். நகரத்தில் அந்த வெளிச்சம் படாத முற்றமே இல்லையாம். சரி, இவ்வளவு பெரிய விளக்குக்குத் திரி? ஆசாரியர்கள் உடுத்தி நைந்துபோன கால்சட்டையையும் இடைக்கச்சையையும் கிழித்துத் திரித்தார்கள். பொன் கிண்ணத்துக்குள் பழைய கால்சட்டை! புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அந்த வெளிச்சத்தில் ஆடியவர்கள் பெரிய ஞானிகள். ஜனங்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். யூத அறிஞர்களின் தலைவரான ரபான் சிமியோன் பென் கமாலியேல் எட்டுத் தீப்பந்தங்களை ஒன்றோடொன்று இடிக்காமல் வீசி வீசிப் பிடித்தார் என்கிறது மிஷ்னாவை விளக்கும் தல்மூத். எவ்வளவு பெரிய மனிதர்! கௌரவம் பார்த்திருந்தால் பந்தத்தைத் தொட்டிருப்பாரா?

12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் இந்த விழாவைப் பற்றி எழுதும்போது தாவீதையும் நினைவுபடுத்துகிறார். கடவுளின் கட்டளைப் பலகைகள் இருந்த உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்னால் துள்ளி ஆடிய ராஜா. ஜன்னல் வழியாகப் பார்த்து முகம் சுளித்த அவர் மனைவி மீகாள். இப்படிப்பட்ட நேரத்தில் தன் பெருமையைக் கட்டிக்கொண்டு நிற்பவன் பாவி மட்டுமல்ல, முட்டாளும்தான் என்கிறார் மைமோனிடிஸ். மனிதர் கொஞ்சமும் பூசி மெழுகவில்லை.

அப்புறம் மிஷ்னாவின் யோமா என்ற பகுதியில் ஒரு சம்பவம். ஆலயத்தில் அன்றன்றைய முதல் வேலை, பலிபீடத்துச் சாம்பலை அள்ளுவது. அழுக்கு வேலைதான். ஆனால் அதற்கு அடிதடி! ஆசாரியர்கள் பலிபீடத்தின் சரிவுப்பாதையில் ஓட்டப்பந்தயமே வைத்தார்கள், முந்தியவருக்கு வேலை. ஒருநாள் இரண்டு பேர் சமமாக ஓட, ஒருவர் மற்றவரைத் தள்ளிவிட, விழுந்தவருக்குக் கால் உடைந்தது. அதற்குப் பிறகே சீட்டுப் போட்டு ஆள் எடுக்கும் வழக்கம் வந்தது.

வழிபாடு முடிந்து நாற்காலி அடுக்குவது என் வேலை. ஒருமுறை வேறொருவர் முந்திக்கொண்டு அடுக்கிவிட்டார் என்று இரண்டு வாரம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தச் சரிவில் ஓடிய இருவரையும் பார்த்துச் சிரிக்க எனக்கு வாய் வரவில்லை.