மில் கூகையும் ஃபிளாஷும்

இரவில் பறக்கும் பறவையை நிறுத்திப் பிடிப்பது கேமராவின் ஷட்டர் இல்லை, ஃபிளாஷ். பறவைப் படக்காரர்களிடம் இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். கல்யாணப் படக்காரர்கள் உடனே தலையாட்டுவார்கள். நான் இரண்டாவது ரகம். மன்னார்குடிப் பக்கம் முகூர்த்த நாளில் தாலி கட்டுவதை எடுக்கிறேன், முகூர்த்தம் இல்லாத இரவுகளில் கூகை என்கிற ஆந்தையை எடுக்கிறேன். இரண்டுக்கும் ஃபிளாஷ் ஒன்றுதான்: நிக்கான் எஸ்பி-900. பழசு, ஆனால் இன்னும் உழைக்கிறது.

கணக்கு எளிது. கூகை நிதானமாகப் பறக்கிற பறவை. நொடிக்கு 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஃபிளாஷோடு ஒத்துப்போகிற ஷட்டர் வேகம் பெரும்பாலான கேமராக்களில் 1/200 அல்லது 1/250 நொடி. அந்த 1/250 நொடிக்குள் கூகை 2 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், சிறகு நுனி அதைவிடக் கூடுதலாக. ஆனால் சுற்றிலும் நல்ல இருட்டென்றால் சென்சாரில் பதிவது ஃபிளாஷ் எரிந்த நேரம் மட்டும்தான். எஸ்பி-900 முழுச் சக்தியில் 1/880 நொடி எரியும். சக்தியை 1/16 ஆக இறக்கினால் 1/10,000 நொடி. அதற்குள் கூகை நகரும் தூரம் அரை மில்லிமீட்டர்.

'ஹை ஸ்பீடு சிங்க் (வேகமான ஷட்டரோடும் ஃபிளாஷ் எரிய வைக்கும் முறை) போட்டு 1/2000 வைத்தால் என்ன?' என்று தவறாமல் ஒருவர் கேட்பார். அந்த முறையில் ஃபிளாஷ் ஒரே வெட்டாக எரியாது, துடித்துத் துடித்து எரியும். வெளிச்சமும் பெருமளவு போய்விடும். பகலில் நிழலை நிரப்ப நல்லது, இங்கே வேண்டாம்.

சக்தியை இறக்கியதற்கு விலை உண்டு. 1/16 சக்தி, ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன்) 800, எஃப்/8 (லென்ஸின் திறப்பு) என்றால் ஃபிளாஷுக்கு 3 மீட்டர் தூரத்துக்குள் பறவை வந்தாக வேண்டும். கேமரா எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், லென்ஸ் எவ்வளவு நீளமாகவும் இருக்கலாம். வெளிச்சத்துக்குத்தான் அந்த 3 மீட்டர். ஆகவே எந்த கேமரா வாங்கலாம் என்பது கேள்வியே இல்லை. இந்தப் பறவை இன்று இரவு எந்த 3 மீட்டருக்குள் வரும் என்பதுதான் கேள்வி.

எனக்கு அந்த இடம் ஒரு பழைய அரவை மில்லில் கிடைத்தது. மேல்சுவரில் கண்ணாடி உடைந்த வெண்டிலேட்டர் ஒன்று. பொழுது சாய்ந்து அரை மணி நேரம் போல ஆனதும் கூகை அதன் விளிம்பில் வந்து நிற்கும், தலையை இரண்டு பக்கமும் ஆட்டும், பிறகு களத்தைத் தாண்டி வயலுக்குப் போகும். வேறு வழி இருந்தும் பெரும்பாலும் அதே வழி. வாட்ச்மேன் அண்ணன் அதைச் சாக்குருவி என்றுதான் சொல்வார், ஆனால் விரட்ட மாட்டார். "சாக்குருவிதான் தம்பி. ஆனா அது வந்ததிலேர்ந்து எலி ஒரு மூட்டையைக்கூட கடிக்கல." மில்லுக்குள் இரவில் என்னை விடுவதற்கு அவர் கேட்ட கூலி, முதியோர் பென்ஷன் மனுவுக்கு பாஸ்போர்ட் போட்டோ. கூகைக்கு வைத்த அதே ஃபிளாஷை வெள்ளைச் சுவரில் அடித்துத் திருப்பி எடுத்துக் கொடுத்தேன். கண்ணை மூடாமல் இருக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கூகை எவ்வளவோ மேல்.

இருட்டில் கண்ணால் பார்த்து விரலால் அழுத்துவதெல்லாம் ஆகாத காரியம். அகச்சிவப்புக் கதிர் ஒன்றைப் பாதையின் குறுக்கே விட்டு, அது அறுபடும்போது கேமரா தானாக அடிக்கிற மாதிரி வைத்திருக்கிறேன். டிவி ரிமோட்டுக்குப் பயன்படும் சென்சார் வகைதான், சென்னை ரிச்சி தெருவில் வாங்கியது. ஆர்டுயினோ என்கிற சின்ன மின்னணுப் பலகை ஒன்று, இரண்டு பிவிசி குழாய், அவ்வளவுதான். வௌவாலும் அடிக்கும், பெரிய விட்டில் பூச்சியும் அடிக்கும். பேட்டரி தீர்வது பெரும்பாலும் அவர்களால்தான்.

புதிதாகச் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கதிர் அறுபட்டதும் கேமரா உடனே திறக்காது. என்னுடையதில் ஏறத்தாழ 50 மில்லிநொடி ஆகிறது. அதற்குள் கூகை 25 சென்டிமீட்டர் முன்னால் போயிருக்கும். ஆகவே ஃபோகஸ் கதிரில் இருக்கக் கூடாது, கதிருக்கு ஒரு சாண் தாண்டி இருக்க வேண்டும். வெளிச்சம் இருக்கும்போதே அந்த இடத்தில் மூங்கில் குச்சியைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, கையால் ஃபோகஸ் செய்து, வளையத்தை டேப்பால் ஒட்டிவிடுவேன். பின்னணியில் வானம் வராமலும் பார்க்க வேண்டும். கொஞ்சம் வெளிச்சம் மிஞ்சிய வானம் சிறகின் ஓரம் வழியாகத் தெரியும். பறவை கண்ணாடியால் செய்த மாதிரி ஆகிவிடும்.

இப்படி எடுத்த கூர்மையான படங்களில் எனக்குப் பிடித்த சங்கதி சிறகின் வெளிவிளிம்பு. ஓரத்து இறகின் முன்விளிம்பில் சீப்புப் பல் போல நுண்ணிய வரிசை ஒன்று இருக்கிறது. இறகின் பின்விளிம்பில் மெல்லிய குஞ்சம். காற்று பெரிய சுழலாகக் கிழியாமல் சிதறுவது இவற்றால்தான். மேற்பரப்பின் பஞ்சு மென்மையும் சேர்ந்து கூகையைச் சத்தமில்லாமல் பறக்க வைக்கிறது. எலிக்குக் கேட்கக் கூடாது என்பது மட்டுமில்லை, எலியின் சத்தம் கூகைக்குக் கேட்க வேண்டும். அதன் இரண்டு காதும் ஒரே உயரத்தில் இல்லை. அந்த ஏற்ற இறக்கத்தால் சத்தம் மேலிருந்தா கீழிருந்தா என்பதுகூட அதற்குத் தெரியும். முழு இருட்டறையில் சருகுச் சத்தத்தை மட்டும் வைத்து அது எலியைப் பிடிப்பதை அமெரிக்க உயிரியலாளர் ராஜர் பெய்ன் ஆய்வில் காட்டினார். அப்படிப்பட்ட காதுக்கு என் கேமராவின் உள்கண்ணாடி எழும்பி அடிக்கும் 'டக்' எவ்வளவு பெரிய சத்தம்! ஒருமுறை கேட்ட பிறகு என் கூகை அன்றைக்கு இரண்டாம் முறை அந்தப் பக்கம் வருவதில்லை, கொட்டகையைச் சுற்றிப் போகும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் இருக்கிறதே என்பீர்கள். பெரும்பாலான கேமராக்களில் அதோடு ஃபிளாஷ் வேலை செய்யாது.

சரி, இவ்வளவு சொல்லிவிட்டு இதையும் சொல்கிறேன்: முழுக்க உறைந்த படம் எனக்குச் சலித்துவிட்டது. ஒவ்வொரு இறகும் தெரியும், ஆனால் பறவை கொலுப்படியில் வைத்த மாதிரி இருக்கும். இப்போது களத்து விளக்குக் கம்பத்தின் வெளிச்சத்தையும் கொஞ்சம் உள்ளே விடுகிறேன். ஐஎஸ்ஓ 3200, எஃப்/4, ஷட்டர் 1/15, ஃபிளாஷ் 1/64, தூரம் 6 மீட்டர். ஃபிளாஷ் ஷட்டர் மூடும் முன் கடைசியில் எரியும்படி ரியர் கர்ட்டன். வெள்ளை வயிறும் சிறகும் இழுத்த கோடாகப் பின்னால் வரும், அதன் முனையில் முகம் கூர்மையாக நிற்கும். 1/15 நொடியில் பறவை இன்னும் 33 சென்டிமீட்டர் போய்விடுவதால் ஃபோகஸை மறுபடி தள்ள வேண்டும். எஃப்/4-இல் ஃபோகஸ் ஆழமும் மெலிந்துவிடும். நிறைய வீணாகும், ஆகட்டும்.

இந்த விஷயத்தில் எல்லோருக்கும் முன்னோடி இங்கிலாந்தின் எரிக் ஹாஸ்கிங். 1937-இல் ஒரு டானி ஆந்தை நகத்தால் தாக்கி இடது கண் போனது. ஆனாலும் விடவில்லை, 1948-இல் அவர் எடுத்த, வாயில் எலியோடு சிறகு விரித்த கூகைப் படம் இன்றும் பேசப்படுகிறது. நான் அவரிடம் எடுத்துக்கொண்டது அந்தப் பிடிவாதத்தை மட்டுமில்லை. குஞ்சு இருக்கும் காலத்தில் மில்லுக்குள் கால் வைப்பதில்லை. ஃபிளாஷைப் பக்கவாட்டில்தான் வைக்கிறேன், நேர் முகத்தில் அடிப்பதில்லை. ஒரு இரவுக்குக் கூகை ஒருமுறை வெளியேறுவதை மட்டும் எடுப்பேன், அதோடு சரி. குரலை ஒலிபரப்பி வரவழைப்பவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை. மில் எந்த ஊர் என்று கேட்காதீர்கள், படத்திலிருந்து ஜிபிஎஸ் தகவலையும் அழித்துவிடுவேன். மாந்திரீகத்துக்கென்று ஆந்தை பிடிக்கிற கூட்டம் இந்த நாட்டில் இருக்கிறது, தீபாவளி நெருங்கினால் அதிகம்.

பக்கி என்கிற இரவுப் பறவையை இந்த முறையில் எடுக்க முடியாது. பூச்சியைத் துரத்தி எங்கே திரும்பும் என்று அதற்கே தெரியாது. இராக்கொக்கு சுலபம், அந்தியில் கத்திக்கொண்டே கிளம்பும்போது ஐஎஸ்ஓ 6400, 1/60 வைத்துக் கூடவே கேமராவைத் திருப்பினால் போதும்.

அறுவடைக்கு முன்னால் எங்கள் பக்கம் எலிக்காகத் தென்னை மட்டையைத் தலைகீழாக வயலில் நட்டு வைப்பார்கள், இரவில் கூகை வந்து உட்காரட்டும் என்று. அடுத்தது அங்கேதான். உட்காரும் இடம் தெரிகிறது, வரும் திசை மட்டும் தெரியவில்லை. எப்படியும் கடைசி நொடியில் இரண்டு காலையும் முன்னால் நீட்டித்தான் இறங்கும். காற்றுக்கு எதிரே இறங்கும் என்ற நம்பிக்கையில் வரப்பில் அகச்சிவப்புக் கதிரைக் குறுக்கே போடப் போகிறேன். வயல்காரர் சரி என்றுவிட்டார், தண்ணீர் வடிய வேண்டும்.