2147483647 பிரைம் நம்பர்தானான்னு கையால போட்டுப் பாத்தேன்

டேட்டாபேஸ் வேலைல இருக்கறவங்களுக்கு இந்த நம்பர் மனப்பாடம், மைனஸ் எண்ணும் வைக்கற 32 பிட் இன்டிஜரோட மேக்ஸிமம், அதாவது 2-ஐ 31 தடவை பெருக்கி 1 கழிச்சது. இது பகா எண்ணுன்னு 1772-லயே கணித மேதை ஆய்லர் சொல்லிட்டார், அப்ப அவருக்குக் கண்ணு கிட்டத்தட்ட தெரியாது, கம்ப்யூட்டரும் கெடையாது. எப்படி முடிஞ்சுதுன்னு தெரிஞ்சே ஆகணும்னு தோணுச்சு, ஒரு நோட்டும் பத்து டிஜிட் கால்குலேட்டரும் எடுத்துட்டு உக்காந்துட்டேன்.

இந்த எண் உடையும்னா ஒரு காரணியாவது அதோட வர்க்கமூலத்துக்குள்ள இருக்கணும், அது 46340 சொச்சம். அதுக்குள்ள இருக்கற பிரைம் எல்லாத்தாலயும் வகுக்கணும்னா நாலாயிரத்துக்கு மேல வரும், அது நடக்கற காரியம் இல்ல. இங்கதான் ஃபெர்மாவோட தேற்றம் கைகொடுக்குது. இந்த நம்பரை ஒரு பிரைம் வகுத்துச்சுன்னா, அந்த பிரைம்ல 1 கழிச்சா 62-ஆல, அதாவது 31-ஓட ரெண்டு மடங்கால, மீதியில்லாம வகுபடணும். நம்பிக்கை வரல, சின்னதுல போட்டுப் பாத்தேன், 2-ஐ 11 தடவை பெருக்கி 1 கழிச்சா 2047, அது 23 × 89, அங்க 62-க்குப் பதிலா 22, 23-லயும் 89-லயும் 1 கழிச்சா 22, 88. அப்படியே பொருந்துச்சு, எனக்குப் புல்லரிச்சிடுச்சு.

62-ஓட மடங்கு கூட 1-னு எடுத்தா 747 எண்கள். அதுலயும் 8-ஆல வகுத்தா மீதி 1 இல்லன்னா 7 வர்றது மட்டும்தான் சாத்தியம்னு இன்னொரு விதி, அதனால பாதி போயிடும், 63 பிரைமே இல்லன்னு அதையும் தள்ளினா 372 மிச்சம். ரெண்டு வரிசையா எழுதி 3, 5, 7-ன்னு ஒவ்வொண்ணாலயும் வகுபடறதை அடிச்சிட்டே வந்தேன், கடைசில நூறுக்கும் கம்மிதான் நின்னுச்சு. இந்த அடிக்கற வேலைலதான் நேரம் போச்சு, வகுக்கறதுல இல்ல. 46129-ஐப் பிரைம்னே நெனச்சுட்டேன், 157 வரைக்கும் எதுலயும் போகல, அடுத்தது 163 போட்டா 163 × 283-னு உடைஞ்சுது.

முதல் பிரைம் 311. கால்குலேட்டர் 6905092.112-னு காட்டுச்சு, அந்த 0.112-ஐ 311-ஆல பெருக்கினா 34.832, மீதி எப்படி தசமத்துல வரும்னு குழம்பிட்டேன். ஸ்கிரீன்ல இடம் இல்லாம மிச்ச டிஜிட்டை வெட்டிடுது, அவ்ளோதான். அப்புறம் முழு எண்ணை மட்டும் திருப்பிப் பெருக்கிக் கழிச்சேன், 6905092 × 311 = 2147483612, மீதி 35. அடுத்து 1303, மீதி 226. செய்யப்போறவங்க மொதல்லேருந்தே இப்படிக் கழிச்சே பாருங்க, தசமத்தை நம்பாதீங்க.

ஒவ்வொரு தடவையும் பூஜ்யம் வந்துடுமோன்னு ஒரு பதட்டம், வராதுன்னு தெரிஞ்சும். நாலாவது நாள் ராத்திரி கடைசி எண் 45943-க்கு வந்தேன், 46742 தடவை போயி மீதி 15941. ரெண்டு தடவை போட்டு சரிபாத்துட்டு அடியில கோடு போட்டேன்.