டொரொண்டோ பேஸ்மென்ட்டில் கறிவேப்பிலை: கூடாரத்துக்குள் சூடும் காற்றோட்டமும்

அமைப்பு: 2 அடி அகலம், 4 அடி நீளம், 6 அடி உயரத்தில் ஒரு வளர்ப்புக் கூடாரம், அதாவது வீட்டுக்குள் செடி வளர்க்கும் துணிப் பெட்டி. உள்ளே 200 வாட் எல்.இ.டி. விளக்கு, மேல் மூலையில் வேகத்தைப் பத்துப் படிகளில் மாற்றக்கூடிய 4 அங்குலக் குழாய் விசிறி, நடுவில் 6 அங்குலக் கிளிப் விசிறி. பிளாஸ்டிக் தொட்டிகளில் மூன்று கறிவேப்பிலைச் செடிகள். துணித் தொட்டி கோடைக்கு நல்லது. குளிர்காலத்தில் அதன் பக்கவாட்டில் ஈரம் காய்ந்துகொண்டே இருப்பதால் மண் காற்றைவிடக் குளிர்ந்து கிடக்கும்.

பேஸ்மென்ட் டிசம்பரில் 16 டிகிரி செல்சியஸ். கறிவேப்பிலைக்கு அது எல்லைக்கோடு. அதற்குக் கீழே போனால் துளிர் நிற்கும், அடி இலைகள் மஞ்சளாகி உதிரும், வேர் தண்ணீர் குடிக்காது. விளக்கு எரியும்போது 24 டிகிரி, அணைந்தபின் 18க்குக் குறையாமல் வைப்பதுதான் இலக்கு.

அக்டோபர்

இரவுக் குளிர் 10 டிகிரியைத் தொடும் முன்பே செடிகள் உள்ளே வந்துவிட வேண்டும். வரும் முன் இலையின் அடிப்பக்கத்தை நீரால் பீய்ச்சிக் கழுவி, பூச்சிக்கொல்லி சோப்பை நீரில் கலந்து ஒரு வார இடைவெளியில் இருமுறை தெளித்தது. செதில் பூச்சியும் செஞ்சிலந்தியும் கூடாரத்துக்குள் நுழைந்துவிட்டால் குளிர்காலம் முழுக்க அவற்றோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

வேறெதையும் தொடுவதற்கு முன் ஈரப்பதமானியைச் சோதிப்பது முக்கியம். பாட்டில் மூடியில் சமையல் உப்பை எடுத்து, குழைசேறு மாதிரி ஆகும்வரை சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்து ஜிப் பையில் ஓர் இரவு மூடி வைக்க வேண்டும். காலையில் 75 சதவீதம் காட்ட வேண்டும். 68 காட்டினால் அதன் பிறகு எடுக்கும் அளவுகளில் 7ஐக் கூட்டிக்கொள்ளலாம். மானியை இலை உயரத்தில், விளக்கொளி நேராகப் படாமல் ஓர் அட்டை நிழலில் தொங்கவிட வேண்டும். ஒளி பட்டால் இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகக் காட்டி ஏமாற்றும்.

டிசம்பர்

கூடாரம் குளிர்ந்தால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது உள்ளே ஒரு ஹீட்டர் வைக்கலாம் என்பதுதான். அதற்கு முன் விசிறியைப் பார்க்க வேண்டும். கணக்கு இப்படி: கூடாரத்தின் ஆறு முகங்களும் சேர்ந்து 88 சதுர அடி, அதாவது 8.2 சதுர மீட்டர். மெல்லிய துணி என்பதால் உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 4 வாட் வெளியேறும். மொத்தம் 33 வாட். விசிறி நிமிடத்துக்கு 100 கன அடி காற்றை இழுத்தால் டிகிரிக்கு மேலும் 57 வாட் போகும். 200 வாட்டை 90ஆல் வகுத்தால் 2.2. அறை 16 என்றால் கூடாரம் 18தான்.

அதே விசிறி முதல் படியில், 20 கன அடி அளவில் ஓடினால் 200ஐ 44ஆல் வகுக்க வேண்டும்: 4.5 டிகிரி ஏறும். அடியோடு நிறுத்தினாலும் 6தான். மெதுவாக ஓட்டுவதற்கும் நிறுத்துவதற்கும் நடுவே ஒன்றரை டிகிரிதான் வித்தியாசம். அந்த ஒன்றரை டிகிரிக்காகக் காற்றை நிறுத்தினால் ஈரப்பதம் 85ஐத் தாண்டும், கூரைத் தையலில் நீர் கோத்துச் சொட்டும், மண் மேல் வெள்ளைப் பூஞ்சை படரும், சின்னக் கருப்புக் கொசுக்கள் பெருகும். குளிர்காலத்தில் விசிறியின் வேகத்தை ஈரப்பதத்தைப் பார்த்து வைக்க வேண்டும், சூட்டைப் பார்த்து அல்ல என்பதுதான் எங்கள் முடிவு.

சூட்டுக்கு வேறு மூன்று வழிகள் பலன் தந்தன.

முதலாவது, கூடாரத்தின் மூன்று பக்கமும் கூரையும் பளபளப்பான குமிழித் தாளால் மூடியது. சுவர் இழப்பு டிகிரிக்கு 20 வாட் அளவுக்கு இறங்கியது. விசிறி முதல் படியில் ஓடியும் அறையைவிட 6 டிகிரி கூடுதல் கிடைக்க வேண்டும். கிடைத்தது 5. மீதி எங்கே போனது? இலை வெளியிடும் நீராவியில். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 0.68 கிலோவாட் மணி சூடு வேண்டும். 12 மணி நேரத்தில் இந்த விளக்கு தருவதே 2.4 கிலோவாட் மணிதான். செடி அடர்ந்தால் கூடாரம் கொஞ்சம் குளிரும், அது செடி நலமாக இருப்பதன் அடையாளம்.

இரண்டாவது, கூடாரத்தை விட்டு அறையைச் சூடாக்குவது. எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டரை ஒரு மீட்டர் தள்ளி வைத்து, விளக்கு எரியும் நேரத்துக்கு அறையை 19 டிகிரியில் நிறுத்தியது. கூடாரத்துக்குள் ஹீட்டர் வேண்டவே வேண்டாம். துணி, இலை, தண்ணீர், மின்கம்பி எல்லாம் ஒரே இடத்தில் நெருங்கியிருக்கும் பெட்டி அது. இங்கே 120 வோல்ட் மின்சாரத்தில் 1500 வாட் ஹீட்டர் 12.5 ஆம்பியர் இழுக்கும். 15 ஆம்பியர் இணைப்பில் தொடர்ந்து அவ்வளவு ஓட்டுவது சரியல்ல, பாதி அளவில் வைத்தாலே போதும். எக்ஸ்டென்ஷன் வயர் இல்லாமல் நேராகச் சுவர் பிளக்கில் செருக வேண்டும்.

மூன்றாவது வேர். இதற்குத்தான் பலன் அதிகம். கான்கிரீட் தரை குளிரைத் தொட்டிக்குள் ஏற்றும், காற்று 23 டிகிரி இருந்தாலும் மண் 15இல் நிற்கும். ஓர் அங்குல ஃபோம் போர்டைத் தரையில் விரித்து, அதன் மேல் 20 வாட் சூட்டு விரிப்புகள் இரண்டு, அதன் மேல் தொட்டிகள். தெர்மோஸ்டாட்டின் உணர்முனையை மண்ணில் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்து 23 டிகிரிக்கு வைத்தது. உணர்முனையைத் தொட்டியோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். தண்ணீர் ஊற்றும்போது அது மண்ணைவிட்டு வெளியே வந்துவிட்டால், குளிர்ந்த காற்றை அளந்து, விரிப்பு நிற்காமல் எரிந்து வேரை அவித்துவிடும்.

விளக்கு நேரம் மாலை 7 முதல் காலை 7 வரை. பேஸ்மென்ட் மிகவும் குளிரும் நேரத்தில் விளக்கின் சூடு கிடைக்கிறது. ஒன்டாரியோவில் நேர அடிப்படைக் கட்டணம் செலுத்துவோருக்கு வார நாட்களில் மலிவான நேரமும் அதுவே.

விளக்கு அணையும் நேரம்தான் ஆபத்தானது. 24 டிகிரியில் 60 சதவீதமாக இருந்த அதே காற்று 18 டிகிரிக்கு இறங்கினால் 87 சதவீதம் ஆகிவிடும். குளிர்கிறதே என்று அப்போது விசிறியைக் குறைக்கக் கூடாது. அணைந்த முதல் ஒரு மணி நேரம் மூன்றாம் படி, பிறகு முதல் படி. தண்ணீரையும் விளக்கு எரியத் தொடங்கும்போதே ஊற்றிவிட வேண்டும். வெளிச்சுவரிலிருந்து கூடாரம் ஒரு சாண் தள்ளி நிற்கட்டும். 24 டிகிரி, 60 சதவீதக் காற்று 16 டிகிரிப் பரப்பைத் தொட்டாலே நீர் கோக்கும். பின்பக்கத்துக் கரும்பூஞ்சை கண்ணில் படாமலே வளரும்.

காற்று எங்கிருந்து வருகிறது என்பதும் கணக்கில் சேரும். கீழ்த் திறப்பை அப்படியே விட்டால் தரையை ஒட்டிய குளிர்க் காற்று தொட்டிகள் மேல் பாயும். அந்தத் திறப்பில் ஒரு குழாயை மாட்டி மறுமுனையை அறையின் உத்தரம் வரை உயர்த்தினால் இரண்டு டிகிரி சூடான காற்று வரும். கூடாரச் சுவர் சற்றே உள்வாங்கி நிற்பது சரியான அளவு. கிளிப் விசிறியைச் சுவரை நோக்கித் திருப்ப வேண்டும், இலை மெல்ல அசைந்தால் போதும்.

வெளியேறும் காற்றை வீட்டுக்கு வெளியே தள்ள வேண்டியதில்லை. கறிவேப்பிலை வாசம் வீட்டுக்குள் வந்தால் யார் வேண்டாம் என்பார்கள்! வெளியே தள்ளினால் அதற்கு ஈடாக உறைபனிக் காற்று எங்காவது இடுக்கு வழியே நுழையும். அதைவிடப் பெரிய சிக்கல், விசிறியில்லாத இயற்கைப் புகைபோக்கியோடு கூடிய எரிவாயு வெந்நீர்க் கொதிகலன் அதே பேஸ்மென்ட்டில் இருந்தால் அதன் புகை வீட்டுக்குள் திரும்பக்கூடும். கார்பன் மோனாக்சைடு அலாரம் எப்படியும் இருக்க வேண்டும்.

பிப்ரவரி

சிக்கல் எதிர்ப்பக்கம் புரண்டது. மைனஸ் 10 டிகிரியில் இருக்கும் காற்று வீட்டுக்குள் வந்து 20க்குச் சூடானால் அதன் ஈரப்பதம் 12 சதவீத அளவுக்குச் சரியும். அறையின் ஈரப்பதம் 25 சதவீதத்திலும் கூடாரத்தின் ஈரப்பதம் 40 சதவீதத்திலும் நின்றன. இந்த வறட்சியும் சூடும் செஞ்சிலந்திக்கு விருந்து: இலையில் ஊசி குத்தியது போல வெளிர் புள்ளிகள், அடியில் மெல்லிய வலை. ஈரமூட்டியை அறையில் வைத்தோம். கூடாரத்துக்குள் வைத்தால் நுண்துளி ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டையே எடுத்துக்கொள்ளும். அல்ட்ராசோனிக் வகையில் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் இலை முழுக்க வெள்ளைத் தூள் படியும், காய்ச்சி வடித்த நீரே நல்லது. கூடாரத்தின் ஈரப்பதம் 55 சதவீதத்துக்கு வந்தது. வாரம் ஒருமுறை இலையின் அடியைக் கழுவுவதையும் விடவில்லை.

தண்ணீரை நாள் பார்த்து ஊற்றக் கூடாது. தொட்டியைச் சாய்த்துப் பார்த்து எடை குறைந்திருந்தால் மட்டும் ஊற்ற வேண்டும், அதுவும் 22 டிகிரி வெதுவெதுப்பில்.

மார்ச்

கணுக்களில் வெளிர்ப்பச்சைத் துளிர். இப்போது பேஸ்மென்ட் தானாகவே 18இல் நிற்கிறது, ரேடியேட்டர் ஓய்ந்துவிட்டது. குமிழித் தாளை முதலில் கூரையிலிருந்தும் பிறகு ஒவ்வொரு பக்கமாகவும் எடுத்து, விசிறியை மூன்றாம் படிக்கு ஏற்றியது. சூட்டு விரிப்பு மட்டும் ஏப்ரல் முடியும்வரை இருக்கட்டும். துளிர் ஐந்தாறு இலைக்கொத்து விட்டதும் நுனியைக் கிள்ளினால் இரண்டு கிளையாகப் பிரியும், அந்தக் கிள்ளலே இந்த வருடத்தின் முதல் தாளிப்புக்கு.