காலணியின் அடி கழன்ற பிறகு: மான் வேட்டைக்கான பொருள்களைத் தேர்ந்தெடுப்பது பற்றி

சென்ற ஆண்டு ஏப்ரல் முதல் வாரத்தில், நியூசிலாந்தின் தென் தீவிலுள்ள லேக் சம்னர் வனப்பூங்காவில், ஹுருனுயி ஆற்றின் மேல் பள்ளத்தாக்கில் நடந்துகொண்டிருந்தபோது, என் வலது காலணியின் அடிப்பகுதி கழன்று சேற்றிலேயே நின்றுவிட்டது. ஓர் அடி முன்னால் எடுத்து வைத்த பிறகுதான் பாதத்தில் குளிர் ஏறுவதை உணர்ந்து திரும்பிப் பார்த்தேன். ரப்பர் அடி முழுதாகச் சேற்றில் பதிந்திருந்தது. அதன் மேல் பக்கத்தில் ஒட்டியிருந்த சாம்பல் நிறப் பொருளை விரலால் தொட்டபோது பழைய ரொட்டித் துண்டைப் போல உதிர்ந்தது. வண்டி நிறுத்தியிருந்த இடம் ஒன்றரை நாள் நடைத் தொலைவில் இருந்தது.

என்னுடன் வந்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கு வந்து முப்பது ஆண்டுகளாக கிறைஸ்ட்சர்ச்சில் வாழும் ஒரு மூத்த நண்பர். அண்ணை என்றே அவரை அழைப்பேன். நான் காலணியின் விலையையும் வயதையும் சொல்லிப் புலம்பத் தொடங்கியதும், "தம்பி, காலை நீட்டும். முதல்ல கட்டுவம், பிறகு கதைப்பம்" என்று சொல்லிவிட்டு, தம் நடைக்கோலில் சுற்றி வைத்திருந்த அகலமான ஒட்டு நாடாவைப் பிரித்தார். கழன்ற அடியைப் பொருத்தி, நாடாவை எட்டுச் சுற்று சுற்றி, அதன் மேல் கூடாரக் கயிற்றைக் கணுக்காலோடு குறுக்காக இழுத்துக் கட்டினார். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நாடாவை மாற்ற வேண்டியிருந்தது. வேட்டை அன்றே முடிந்தது. மறுநாள் மாலை வண்டியை அடைந்தோம்.

அந்தக் காலணிக்கு ஏழு வயது. ஆனால் மொத்தம் இருபது நாள்கூட நான் அதை அணிந்ததில்லை. புதியது போலவே இருக்கிறது என்று நம்பித்தான் எடுத்துச் சென்றேன். தவறு அங்கேதான் நடந்தது. பெரும்பாலான மலைக் காலணிகளில் ரப்பர் அடிக்கும் மேல் தோலுக்கும் இடையில் பாலியூரித்தேன் என்னும் நுரைப்பொருள் வைக்கப்படுகிறது. சுமையைத் தாங்குவதில் அது சிறந்தது. ஆனால் காற்றிலுள்ள ஈரம் பல ஆண்டுகளில் அதன் வேதிப் பிணைப்புகளை உடைக்கிறது. அலமாரியில் பூட்டி வைப்பதால் இந்தச் சிதைவு நிற்பதில்லை. மேல் தோல் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே நுரை மாவாகிக்கொண்டிருக்கும். இப்போது ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பு காலணியின் பக்கவாட்டில் அந்த நுரைப் பட்டையைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்க்கிறேன். நகத்தடம் மெல்ல மறைந்தால் நல்லது. விரிசல் விட்டாலோ துகள் உதிர்ந்தாலோ அந்தக் காலணி வீட்டுத் தோட்டத்துக்கு மட்டுமே.

அன்று முதல் பொருள் வாங்கும்போது நான் கேட்கும் கேள்வி மாறிவிட்டது. இது எவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்பதை விட, இது எப்படிக் கெட்டுப்போகும், கெட்டுப்போவதற்கு முன் எனக்கு அறிகுறி காட்டுமா, கெட்ட பிறகு காட்டிலேயே சரிசெய்ய முடியுமா என்பவற்றையே முதலில் விசாரிக்கிறேன். கடையில் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கும்போது எல்லாப் பொருள்களும் நன்றாகவே வேலை செய்கின்றன.

இங்கே மான் வேட்டை ஏன் அனுமதிக்கப்படுகிறது என்று ஊரிலிருந்து படிப்பவர்கள் கேட்கக்கூடும். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைத் தடுக்கிறது, அது அந்நிலத்துக்குச் சரியானது. நியூசிலாந்திலோ மனிதர் முதன்முதலில் வந்தபோது வௌவால்களைத் தவிர நிலத்தில் வாழும் பாலூட்டிகள் இயற்கையாக இருக்கவில்லை. செம்மான்கள் 1851 முதல் பிரிட்டனிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை. அவற்றை வேட்டையாடும் விலங்கு எதுவும் இல்லாததால் பெருகிக் காட்டின் இளஞ்செடிகளை மேய்ந்தழித்தன. 1930 முதல் அரசே சம்பளத்துக்கு ஆள் வைத்து மான்களைச் சுடத் தொடங்கியது. வட தீவின் மனாவட்டுப் பகுதியில் இன்றும் வாழும் கடமான்கள் 1875-இல் இலங்கையிலிருந்து வந்தவை என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. துப்பாக்கி உரிமமும், இயற்கைப் பாதுகாப்புத் துறை இலவசமாகத் தரும் அனுமதிச் சீட்டும் இருந்தால் பொது வனங்களில் பெரும்பகுதியில் வேட்டையாடலாம். ஆண் மான்கள் உறுமும் பருவமான மார்ச் இறுதியும் ஏப்ரலும் இங்கே இலையுதிர்காலம். பகலில் மழையும் இரவில் உறைபனியும் ஒரே நாளில் வரும். பொருள்களின் உண்மையான தரம் இந்த இரண்டுக்கும் இடையில்தான் தெரியும்.

ஈரத்திலிருந்தே தொடங்க வேண்டும். இம்மலைகளில் பல ஆறுகளுக்குப் பாலம் கிடையாது. நீரில் இறங்கித்தான் கடக்க வேண்டும். காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கடக்கக் கூடாது, ஏனென்றால் வழுக்குக் கற்களில் பாதத்துக்குப் பிடிமானம் தருவது காலணிதான். எனவே இங்கே காலணி நனைந்தே தீரும். உட்புறம் நீர்புகா மென்தகடு வைத்துத் தைத்த காலணிக்குள் மேலிருந்து புகுந்த தண்ணீர் வெளியேற வழியின்றித் தேங்கும். அது உலர இரண்டு நாளாகும். அந்தத் தகடு இல்லாத, மெழுகு தடவிய தடித்த தோல் காலணி சீக்கிரம் வடிந்துவிடும். தகடு ஒருமுறை கிழிந்தால் அதைத் தைக்க முடியாது, தோல் கிழிந்தால் தைக்கலாம். அதனால் இம்முறை தோல் காலணியையே வாங்கினேன். அதன் அடியைக் காலணி தைப்பவரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ள முடியும் என்பதும் ஒரு காரணம்.

உடைகளில் பருத்தி ஒரு நூல்கூட இருக்கக் கூடாது. நனைந்த பருத்தி உடலின் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மெரினோ கம்பளி ஈரமானாலும் ஓரளவு வெதுவெதுப்பைத் தக்கவைக்கும், நான்கு நாள் அணிந்தாலும் அதிகம் நாறாது, முட்புதரை உரசினால் சத்தமும் எழுப்பாது. அந்த மூன்றாவது குணம் வேட்டைக்காரனுக்கு மிக முக்கியம். முரட்டு நைலான் மழைச்சட்டை ஒரு கிளையை உரசும் ஓசைக்கு மான் நூறு மீட்டருக்கு அப்பாலேயே காதைத் திருப்பிவிடும். மழைச்சட்டை வேண்டாம் என்று பொருளல்ல. நடக்கும்போது கம்பளி வெளியே, நின்று மழையை வாங்கும்போது மழைச்சட்டை மேலே என்று வைத்துக்கொள்கிறேன். பழைய மழைச்சட்டையின் உட்புறத் தையல்களை மூடிய நாடா பெரும்பாலும் தோள்பட்டையில்தான் முதலில் உரியும், முதுகுப்பையின் பட்டை அழுத்துவது அங்கேதானே. வீட்டில் குளியலறைத் தாரையின் கீழ் பத்து நிமிடம் சட்டையை அணிந்து நின்று பார்த்தால் எந்தத் தையல் ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும். முதுகுப்பைக்குள் கனமான பிளாஸ்டிக் உறை ஒன்றை வைத்து, அதற்குள்ளேயே எல்லாவற்றையும் அடுக்குவதுதான் இங்குள்ளோர் வழக்கம். பையின் மேல் போடும் மழை உறை காற்றில் பறந்துவிடும். உள்ளுறை பறக்காது, தேவைப்பட்டால் அதற்குள் ஆளே புகுந்துகொள்ளலாம்.

அடுத்து நான் அதிகம் செலவழித்தது துப்பாக்கிக்கு அல்ல, பைனாகுலருக்கு. சுடுவதற்கு முன் இலக்கை ஐயத்துக்கு இடமின்றி அறிந்துகொள் என்பது இந்நாட்டின் துப்பாக்கிப் பாதுகாப்பு விதிகளில் ஒன்று. வேட்டைக்கு வந்த ஒருவரையே இன்னொருவர் மானென்று எண்ணிச் சுட்டுக் கொன்ற துயரங்கள் இங்கே நடந்திருக்கின்றன. ரைஃபிளின் மேல் பொருத்திய நோக்கியை வைத்து "அது என்ன?" என்று பார்க்கும்போது குழலும் அந்தத் திசையிலேயே நீண்டிருக்கிறது. மனிதனாக இருந்தால் மனிதன் மீதே குறி வைத்தாயிற்று. ஆகவே தேடுவதும் அறிவதும் பைனாகுலரால்தான் நடக்க வேண்டும். நான் வாங்கியது 8x42 அளவு. 42-ஐ 8-ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் 5.25 மில்லிமீட்டர், 10x42 என்றால் 4.2 தான். விடியலிலும் அந்தியிலும், இங்குள்ள பீச் (beech) என்னும் காட்டு மரங்களின் நிழலில், அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. கை நடுக்கமும் எட்டு மடங்கில் குறைவாகத் தோன்றும். உள்ளே நைட்ரஜன் நிரப்பி மூடப்படாத பைனாகுலரை யார் இலவசமாகத் தந்தாலும் எடுத்துச் செல்ல மாட்டேன். குளிரில் உட்புறக் கண்ணாடி பனித்துப்போனால் துடைக்க வழியில்லை.

ஆரஞ்சு நிற மேற்சட்டை அணிந்தால் மான் பார்த்துவிடும் என்று தயங்குபவர்கள் உண்டு. மானின் கண்ணில் சிவப்பை உணரும் கூம்புச் செல்கள் இல்லை. நமக்குத் தீயெனத் தெரியும் அந்த ஆரஞ்சு, மானுக்குப் புல்லின் நிறத்திலிருந்து பெரிதாக வேறுபடாது. நீலத்தை அது நன்றாகக் காண்கிறது. அதனால் நீல ஜீன்ஸைத்தான் தவிர்க்க வேண்டும்.

ரைஃபிளைப் பொறுத்தவரை, பூட்டை இழுத்துத் தள்ளும் எளிய வகை, துருப்பிடிக்காத எஃகுக் குழல், தோளில் ஊன்றிப் பிடிக்க செயற்கைப் பொருளாலான கட்டை ஆகியவை போதும். மரக்கட்டை அழகானது, ஆனால் மூன்று நாள் மழையில் ஊறி உப்பி, குழலின் மீது அழுத்தி, குறியை மாற்றிவிடும். காட்டுக்குள் செல்லும் முன்பு 100 மீட்டரில் மூன்று குண்டுகள் சுட்டுப் பார்க்க வேண்டும், வழியில் துப்பாக்கி பாறையில் விழுந்தால் மறுபடியும் சோதிக்க வேண்டும், அதற்கெனத் தனியே தோட்டாக்கள் வைத்திருக்க வேண்டும். மழைநீர் புகாமல் குழல் முனையில் ஒரு சிறு மின்கம்பி நாடாத் துண்டை ஒட்டி வைப்பார்கள். சுடும்போது குண்டுக்கு முன்னால் வரும் காற்றே அதைத் தள்ளிவிடும்.

இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தூங்கும் பையின் மேல் எழுதியிருக்கும் வெப்ப அளவுகளில் பெரும்பாலும் மிகக் குறைந்த எண்ணே பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். ஐ.எஸ்.ஓ. 23537 தரத்தின்படி சோதிக்கப்பட்ட பையில் 'வசதி', 'எல்லை' என்னும் எண்கள் இருக்கும். எல்லை என்பது சுருண்டு படுத்து ஒருவாறு இரவைக் கடத்தக்கூடிய அளவு. உறங்க விரும்புபவர் வசதி எண்ணைத்தான் பார்க்க வேண்டும். பையை விடவும் படுக்கைவிரிப்பு முக்கியம் என்று நான் கற்றுக்கொண்டது உறைபனி இரவொன்றில். ஊதும் மெத்தையில் ஒரு முள் ஏறி, நள்ளிரவுக்குள் காற்று முழுவதும் போய்விட்டது. உடலின் எடை பையின் அடிப்பக்க இறகுகளை நசுக்கிவிடுவதால், கீழே தரைக்கும் முதுகுக்கும் இடையில் காப்பு ஏதும் இருக்கவில்லை. இப்போது மெல்லிய நுரைப்பாய் ஒன்றைக் கீழே விரித்து, அதன் மேல் ஊதும் மெத்தையைப் போடுகிறேன். வெப்பம் தரைக்குப் போகாமல் தடுக்கும் திறனைக் குறிக்கும் ஆர் மதிப்பு, இரண்டுக்கும் சேர்ந்து கூடிக்கொள்ளும். நுரைப்பாயில் ஓட்டை விழுந்தாலும் அது நுரைப்பாயாகவே இருக்கும். பகலில் ஈரத் தரையில் அமர்ந்து மலைச்சரிவைப் பார்க்கவும் அதுதான் உதவுகிறது.

கூடாரத்தில் அலுமினியக் கம்பு, உடைந்த கம்பின் மேல் செருகும் சிறு குழாய், மணல் ஈக்களைத் தடுக்கும் வலை இவை மூன்றும் இருந்தால் மற்றதை எடையைப் பார்த்து முடிவு செய்யலாம். எரிவாயு அடுப்பு வாங்கும்போது குப்பியின் கலவையைப் படியுங்கள். சாதாரண பியூட்டேன் 0 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே ஆவியாக மறுக்கும். ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்த குப்பி பனிக்காலையிலும் எரியும். மூடிய கூடாரத்துக்குள் அடுப்பை ஒருபோதும் ஏற்றாதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை.

கத்தியில் நான் பழமைவாதி. அறுவைக் கத்தியைப் போல அலகை மாற்றிக்கொள்ளும் கத்திகள் மிகக் கூர்மையானவை; ஆனால் மூட்டில் திருகும்போது அலகு முறிந்து இறைச்சிக்குள் தங்கிவிட்டதை ஒருமுறை கண்டிருக்கிறேன். இருட்டில், கைவிளக்கின் ஒளியில், அந்தத் துண்டைத் தேடிய அரை மணி நேரத்துக்குப் பிறகு, பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரே உலோகத்தாலான கத்தியும் சிறு சாணைக்கல்லுமே என் பையில் இருக்கின்றன. இறைச்சிக்குக் காற்று புகும் துணிப்பைகள் வேண்டும். பிளாஸ்டிக் பையில் சூடான இறைச்சியைப் போட்டால் சில மணி நேரத்தில் கெட்டுவிடும். செல்லும் பகுதியில், தீங்கு செய்யும் விலங்குகளைக் கொல்லப் பயன்படும் 1080 என்னும் நஞ்சு அண்மையில் தூவப்பட்டதா என்பதை இயற்கைப் பாதுகாப்புத் துறையின் வரைபடத்தில் பார்க்காமல் எந்த மானையும் உணவுக்கு எடுக்கக் கூடாது.

கைப்பேசி அலை எட்டாத இப்பள்ளத்தாக்குகளில், 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு அழைப்பு அனுப்பும் சிறு அவசரக் கருவியை முதுகுப்பையில் வைக்காமல் உடலோடு கட்டியிருக்க வேண்டும். ஆறு உங்களை இழுத்துச் செல்லும்போது பை வேறு திசையில் போகக்கூடும். கருவியின் பதிவு இலவசம். மின்கலத்தின் காலாவதித் தேதி அதன் மேலேயே எழுதப்பட்டிருக்கும். என் கருவியின் தேதியை நான் கவனித்ததே அந்தக் காலணி கழன்ற பிறகுதான். இன்னும் நான்கு மாதமே மீதமிருந்தது.

அண்ணையும் நானும் வரும் மார்ச் கடைசியில் மீண்டும் ஹுருனுயிக்குப் போகிறோம். புதிய தோல் காலணியைப் பழக்குவதற்காகக் கடந்த சனிக்கிழமை பதினைந்து கிலோ சுமையுடன் கிறைஸ்ட்சர்ச்சை ஒட்டிய போர்ட் ஹில்ஸ் மேட்டில் நான்கு மணி நேரம் நடந்தேன். இடது கால் சரியாக இருக்கிறது. வலது குதிகாலில் சற்று உரசுகிறது. அடுத்த வாரம் தடித்த காலுறையுடன் நடந்து பார்க்க வேண்டும்.