சாவி

நவம்பர் 4
அப்பாவின் புல்லட் லாரியில் சென்னை வந்து சேர்ந்தது. ஒரு பக்கக் கண்ணாடி போச்சு. இஞ்சினில் டக் டக். ஊரில் இருந்தவரை இல்லாத சத்தம்.

நவம்பர் 6
வாசலில் ஆயில் சொட்டியதை வீட்டுக்கார அம்மா காட்டினார். அட்டைப் பெட்டியைப் பிரித்து அடியில் விரித்தேன். காலையில் நான்கு சொட்டு.

நவம்பர் 9
மின்ட் பக்கம் ஒரு கடை. டி.என். 72, திருநெல்வேலி நம்பரைப் பார்த்ததுமே, "வெளியூரா சார்?" ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கினான். "சிலிண்டர் போர் போச்சு. பிஸ்டனோட பதினெட்டாயிரம்." போர் போனால் நீலப் புகை வரணுமே என்றேன். "போகப் போக வரும் சார்." அப்புறம், தான் திருவொற்றியூர் புல்லட் ஃபேக்டரியில் வேலை பார்த்தவன் என்றான். இந்தப் பக்கம் புல்லட்டைத் தொடுகிற எல்லாரும் அங்கே இருந்தவர்கள்தான் போல. சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 10
மழை. அம்மா போன் பண்ணவில்லை.

நவம்பர் 13
வியாசர்பாடியில் சின்னப் பையன் ஒருவன். ஓட்டிப் பார்க்கிறேன் என்று ஏறி, கியர் என்று நினைத்து இடது காலால் பிரேக்கை மிதித்தான். பழைய புல்லட்டில் கியர் வலது பக்கம். அப்போதே இறங்கச் சொல்லியிருக்கணும். சூடாக இருந்த இஞ்சினில், வால்வு இடைவெளியைச் சரிபண்ணும் டேப்பட்டை டைட் வைத்தான். சத்தம் குறைந்தது. 300 ரூபாய். சந்தோஷமாக பீச் ரோட்டில் எண்ணூர் வரை போய் வந்தேன்.

நவம்பர் 14
ஸ்டார்ட் ஆகவில்லை. கிக்கர் பொதுக்கென்று இறங்குகிறது, கம்ப்ரஷனே இல்லை. ஷேர் ஆட்டோவில் ஆபீஸ்.

நவம்பர் 16
திருவொற்றியூர் ஹைரோட்டில் தள்ளினேன். அப்பா 1991-இல் எடுத்த வண்டி, இந்தப் பக்கம் செய்து ஊருக்கு வந்தது. கன்டெய்னர் லாரிகளுக்கு ஓரமாய் அதைத் தள்ளிக்கொண்டு போவது என்ன மாதிரி இருந்தது என்று எழுத வரவில்லை.

பாய் கடைக்குப் போர்டு இல்லை. டேப்பட் மூடியைக் கழற்றி, வால்வை இயக்கும் புஷ் ராடை விரலால் சுற்றிப் பார்த்தார். அசையவில்லை. "சூட்ல வெச்சிருக்கான். ஆறினதும் வால்வு மூடலை. இஞ்சின் ஆறியிருக்கும்போது இது விரல்ல சுத்தணும், மேல கீழ ஆடக்கூடாது." பத்து நிமிஷம். முதல் கிக்கில் பிடித்தது. நூறு ரூபாய்.

டக் டக் மட்டும் திரும்ப வந்தது. "அது டேப்பட் இல்ல தம்பி. டைமிங் பக்கம் பிரிக்கணும். விட்டுட்டுப் போ, நாலு நாள்."

ஃபேக்டரியில் இருந்தீங்களா பாய் என்று கேட்டேன். இல்லையாம்.

நவம்பர் 17
நாலு நாள்! கார்புரேட்டர் ஒரிஜினல், ஹெட் ஒரிஜினல். ராத்திரியோடு ராத்திரி, பழைய பார்ட்ஸ் விற்கிற புதுப்பேட்டைக்குப் போய்விட்டால் எந்தக் கடையில் எதைத் தேடுவேன்? அந்த மனிதரைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. ஆனால் பதினெட்டாயிரம் சொன்னவனும் நல்லாத்தான் சிரித்தான். எல்லா பார்ட்டையும் போட்டோ எடுத்தேன். இஞ்சின் நம்பரைப் பர்ஸில் எழுதி வைத்திருக்கிறேன். அப்பாவிடம் கேட்கலாம். கேட்கிற நிலைமையா இது?

நவம்பர் 20
அம்மா. "ரெண்டு நாளா கஞ்சிதான். வண்டி ஓடுதான்னு மட்டும் கேக்காங்க." ஓடுதும்மா என்றேன்.

நவம்பர் 21
விட்டேன். சாவியைக் கையிலேயே வைத்திருந்ததைப் பாய் பார்த்துவிட்டார். "கொண்டு போப்பா. பிரிச்ச வண்டிக்கு சாவி எதுக்கு?"

நவம்பர் 25
தேய்ந்த புஷ் வளையத்தைப் பேப்பரில் மடித்துக் கொடுத்தார், கூடவே ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடை பில். கூலி 900. டக் டக் இல்லை. ரெக்கார்ட் பண்ணி அம்மாவுக்கு அனுப்பினேன். அப்பாவின் காதருகே வைத்தாளாம். இன்னொரு தடவை போடச் சொல்லிக் கையைக் காட்டினாராம்.

நவம்பர் 26
அட்டையில் இரண்டு சொட்டு. பாயிடம் சொன்னேன். "சொட்டலைன்னாதான் பயப்படணும், உள்ள ஆயில் இல்லைன்னு அர்த்தம்."

நவம்பர் 28
நெல்லை எக்ஸ்பிரஸ், வெயிட்டிங் லிஸ்ட் 14. ஏறிவிடுவேன். வண்டியைப் பாய் கடையில் நிறுத்தி, வாரத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி வையுங்க என்று சாவியைக் கொடுத்தேன். எப்ப வருவ என்றார்.