சுவர் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் பட்டை

பார்சிலோனாவில் நண்பர் குடும்பத்துடன் தங்கிய ஐந்து நாட்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால், முதலில் அந்த வீட்டின் தரைதான் கண்முன் வருகிறது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலெடுத்து வைத்தபோது உள்ளங்காலில் ஏறிய குளிர்ச்சி, காரைக்குடியில் தாத்தா வீட்டு ஆத்தங்குடிக் கல் தரும் அதே குளிர்ச்சி.

வீடு எஷாம்ப்ளா பகுதியில், மூன்றாம் மாடியில் இருக்கிறது. பழைய நகரின் மதில்களை 1854இல் இடிக்கத் தொடங்கிய பிறகு, பொறியாளர் இல்தெஃபோன்ஸ் செர்தா 1859இல் வகுத்த திட்டத்தின்படி எழுந்த பகுதி அது. 20 மீட்டர் அகலத் தெருக்களும், முனை வெட்டிய சதுரத் தொகுதிகளும், ஒவ்வொரு தொகுதியின் நடுவிலும் ஒரு திறந்தவெளியும் அதன் அடையாளம். வீடுகள் தெருவிலிருந்து அந்தத் திறந்தவெளி வரை ஒடுங்கி நீளமாக ஓடுவதால், இரு முனைகளிலும் வெளிச்சம் கொட்டுகிறது. நடு அறைகளுக்கோ பகலிலும் விளக்கு வேண்டும்.

அந்த இருட்டைப் போக்கத்தான், வீட்டைப் புதுப்பித்த கட்டடக் கலைஞர் நடுவிலிருந்த மூன்று தடுப்புச் சுவர்களை எடுத்தாராம். தாழ்வான பொய்க்கூரையைப் பிரித்தபோது, உத்தரத்துக்கு உத்தரம் மெல்லிய செங்கற்களை வளைத்துக் கட்டிய பழைய கட்டலான் கூரை வெளிப்பட்டிருக்கிறது. புதிய குளியலறையின் சுவர்களைக் கூரை வரை எழுப்பாமல், மேலே ஒரு முழம் கண்ணாடி வைத்து நிறுத்தியதால், அந்த வளைவுகள் எங்கும் தடைபடாமல் வீடு முழுவதும் ஓடுவதைக் காண முடிகிறது.

ஆனால் சுவரை எடுத்ததும் தரையில் ஒரு சிக்கல் எழுந்தது. அக்காலத்தில் ஒவ்வோர் அறைக்கும் தனித்தனிக் கோலமும், கம்பளத்துக்குக் கரை போல ஒரு விளிம்பும் இட்டுப் பூக்கற்களைப் பதித்திருந்தார்கள். சுவர் நின்ற இடத்தில் கல்லே இல்லை. தரை முழுவதையும் மரப்பலகையால் மூடிவிடலாம். அல்லது எல்லாவற்றையும் பெயர்த்து ஒரே கோலமாக மறுபடி பதிக்கலாம். அவர் இரண்டையும் செய்யாமல், கற்களைக் கிடந்த இடத்திலேயே விட்டு, இடைவெளியைச் சாம்பல்நிறச் சிமெண்டால் நிரப்பியிருக்கிறார். ஒரு சாண் அகலப் பட்டை. இன்று சாப்பாட்டு மேசையின் இரண்டு கால்கள் பழைய படுக்கையறையிலும் இரண்டு கால்கள் பழைய நடையிலும் நிற்கின்றன. கதவு இருந்த இடத்தில் மட்டும், நூறாண்டுக்கு மேலாகப் பலர் மிதித்துச் சென்ற மூன்று கற்கள் லேசாகக் குழிந்திருக்கின்றன. விரலால் தடவிப் பார்த்தேன். பூவின் நிறம் அங்கும் அப்படியே இருந்தது.

நிறம் நிற்பதற்குக் காரணம் செய்முறைதான். சூளையில் சுடாத கல் இது. பித்தளைத் தடுப்புகள் வைத்த அச்சில் வண்ணச் சிமெண்டுக் கூழை ஊற்றி, மேலே மணல் கலந்த சிமெண்டு இட்டு, அழுத்து எந்திரத்தில் இறுக்கி, நீரில் ஊறவைத்துப் பதப்படுத்துகிறார்கள். வண்ணம் பல மில்லிமீட்டர் ஆழம் இறங்குவதால் எளிதில் தேய்வதில்லை. ஆத்தங்குடியில் எந்திரம் கிடையாது. கண்ணாடிப் பலகையின் மேல் கையாலேயே வார்க்கிறார்கள், பளபளப்பை அந்தக் கண்ணாடி தருகிறது. மாலையில் பசேச் தெ கிராசியா சாலையின் நடைபாதையில் நடந்தபோது, காலடியில் அந்நகரின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் கௌதியின் கடலுயிர் வடிவங்கள் பதிந்த அறுகோணக் கற்கள் இருந்தன. 1886இல் தொடங்கிய எஸ்கோஃபெட் நிறுவனம்தான் அவருக்காக முதலில் அவற்றைச் செய்து கொடுத்தது.

ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. குளியலறைச் சுவரில் பழைய பூக்கல்லைப் போலவே அச்சடித்த பீங்கான் ஓடுகளை ஒட்டியிருக்கிறார்கள். அசல் பத்தடி தூரத்தில் இருக்கும்போது நகல் எதற்கு? அங்கும் வெறும் சாம்பல் சிமெண்டே போதும்.

கிளம்பும் நாளன்று நண்பர் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை இழுத்துப் பிரித்தார். கழிவுநீர்க் குழாய் பதிக்கப் பெயர்த்த பதினொரு கற்கள், பிற்காலப் பழுதுக்காகச் செய்தித்தாளில் சுற்றியவை. தாத்தாவும் இரண்டாம் கட்டு மூலையில் இப்படித்தான் மிச்சக் கற்களை அடுக்கி வைத்திருந்தார். ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். பின்புறத்தில், சிமெண்டு ஈரமாக இருந்தபோது பதிந்த செய்தவர் முத்திரை பாதி அழிந்து கிடந்தது.