‘வாட் பிரைஸ் ஹாலிவுட்?’ தமிழ் சப்டைட்டில்: டைமிங் ஒருவழியா உட்கார்ந்துடுச்சு

கடைசி சீன் வரைக்கும் வரி உதட்டோட ஒட்டி வருது. 1932ல ஜார்ஜ் கியூகர் எடுத்த படம். பிரவுன் டெர்பி ஓட்டல்ல பரிமாறுற பொண்ணா கான்ஸ்டன்ஸ் பென்னட், அவளை நட்சத்திரமாக்கிட்டுத் தான் குடியில அழியற டைரக்டரா லோவல் ஷெர்மன். 1937ல வந்த ‘எ ஸ்டார் இஸ் பார்ன்’ இதோட நிழல்தான். ரெண்டுக்கும் தயாரிப்பாளர் செல்ஸ்னிக்.

என்கிட்ட இருக்கிற பிரதி செகண்டுக்கு 23.976 ஃபிரேம் ஓடுறது. கிடைச்ச இங்கிலீஷ் எஸ்ஆர்டி (வரியும் அது வர்ற நேரமும் இருக்கிற சப்டைட்டில் ஃபைல்) ஐரோப்பிய 25 ஃபிரேம் பிரதிக்குச் செஞ்சது. பத்தாவது நிமிஷத்துலயே வரி 25 செகண்ட் முந்துது, 88 நிமிஷப் படம் முடியறப்போ மூன்றரை நிமிஷத்துக்கு மேல. முதல்ல எல்லா நேரத்தையும் 1.0427ஆல (25ஐ 23.976ஆல வகுத்தா வர்றது) பெருக்கணும், அப்புறம்தான் முன்ன பின்ன நகர்த்தணும். வரிசை மாறினா நகர்த்தின அளவும் சேர்ந்து பெருகிடும்.

அடுத்த தலைவலி, படிக்க நேரம் போதுமான்னு பார்க்க செகண்டுக்கு எத்தனை எழுத்துங்கிற கணக்கு. ‘ஸ்டுடியோ’ நமக்கு 4 எழுத்து, மென்பொருளுக்கு 8. புள்ளி, கொம்பு, கால் எல்லாத்தையும் தனித்தனியா எண்ணி, பாதி வரிகளுக்குச் சிவப்பு அடிக்குது. வரம்பை உயர்த்திட்டு, வாய்விட்டுப் படிச்சுப் பார்த்துத்தான் முடிவு பண்றேன்.

ரொம்ப நேரம் தின்னது மாடிப்படி சீன். கிடைச்ச ஒத்தை வசனத்தை செட்ல சொதப்பிட்டு வந்த பென்னட், ராத்திரி படியில ஏறி இறங்கி அதையே சொல்லிச் சொல்லிப் பார்க்கிறா. ஒவ்வொரு தடவையும் வரி போட்டா கண்ணு திரைக்கு அடியிலேயே கிடக்கும். அவ நடையும் குரலும் கொஞ்சம் கொஞ்சமா திருந்துறது தப்பிப் போயிடும். நடிகை பொறக்கிறதே அங்கதான். அதனால முதல் தடவைக்கும் சரியா வந்த தடவைக்கும் மட்டும் வரி, நடுவுல வெறும் திரை. விதிப்படி இது தப்புன்னு யாராவது வந்தா சண்டைக்கு ரெடி. ஷெர்மன் கண்ணாடி முன்னாடி நின்னு தன் பழைய போட்டோவையும் இப்போதைய மூஞ்சியையும் பார்க்கிற சீன்ல நமக்கு வேலையே இல்ல, படமே பேசிடுது.

தயாரிப்பாளரா வர்ற கிரெகரி ரேட்டாஃப் வசனங்கள் இன்னும் பாக்கி. ரஷ்ய வாடை அடிக்கிற இங்கிலீஷ், ஹெட்ஃபோன் இல்லாம பிடிபடல. டிவியில பென்டிரைவ் போட்டா தமிழ் கட்டம் கட்டமா வருது, அதனால எழுத்தைப் படத்துலயே பதிச்சு ஒரு பிரதி எடுக்கணும். அதுக்குள்ள 1937 படத்தை வேற இறக்கி வெச்சுட்டேன். அமெரிக்காவுல அதுக்குக் காப்புரிமை இல்ல, ஆனா டெக்னிகலர் (அந்தக் காலத்துக் கலர் பட முறை) வெளிறாத பிரதியா தேட வேண்டியிருக்கு. யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க.